குளத்துக் கோழியும் குழம்புச் சட்டியும்

திசையன்விளையிலிருந்து ஒரு நேயர் நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். கையெழுத்து அழகாயிருக்கிறது, கோபம் அதைவிட அழகாயிருக்கிறது. விஷயம் இதுதான்: அவருடைய ஊருக்கு அடுத்த சிற்றூரில் கூலி வேலை செய்யும் வாலிபன் ஒருவன், குளத்தங்கரையில் கண்ணி வைத்து நாலு கானாங்கோழிகளைப் பிடித்தானாம். அவற்றைக் காலைக் கட்டிக் கையில் தொங்கவிட்டுக்கொண்டு சாலையோரத்தில் விலைக்கு நின்றபோது வனக் காவலர் கையில் அகப்பட்டான். இப்போது கோர்ட்டுக்கும் வீட்டுக்குமாக நடந்துகொண்டிருக்கிறான்.

"என் பாட்டனார் இதே குளத்தில் துப்பாக்கி கொண்டு சுட்டார். ஊரார் அவரைப் பெரிய மனிதர் என்று கொண்டாடினார்கள். இவன் நூலால் கண்ணி வைத்தான். இவன் குற்றவாளியாகி விட்டான். என் கடலைத் தோட்டத்திலோ கூட்டங் கூட்டமாக மயில் இறங்கி விதையைக் கொத்துகிறது. அதன் மேல் கையை வைத்தால் ஜெயில் என்கிறார்கள். வீட்டுக் கோழியைத் தின்னலாம், கானாங்கோழியைத் தின்னலாகாது என்பது எந்த ஊர் நியாயம்? தயவு செய்து மழுப்பாமல் பதில் எழுதவும்" என்று கடிதம் முடிகிறது.

மழுப்பாமல் பதில் எழுதவே உத்தேசித்திருக்கிறோம். ஆனால் நேயர் ஒரு முடிச்சில் மூன்று நூலைச் சேர்த்துக் கட்டியிருக்கிறபடியால், ஒவ்வொன்றாகத்தான் அவிழ்க்க வேண்டும்.

முதலில் பெயர்க் குழப்பம். கானாங்கோழி கோழியே அன்று. முதுகு கரும்பலகை நிறம். முகமும் மார்பும் வெள்ளை. குட்டை வாலின் அடியில் செங்காவி. அந்த வாலை ஓயாமல் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டு, கோரைப் புதரின் ஓரமாக ஏதோ கடன்காரனுக்குப் பயந்தவன்போல் நடந்து செல்லும். மழைக் காலத்தில் அது போடுகிற சத்தத்தைக் கேட்டவர்கள், இவ்வளவு சிறிய பிராணிக்கு இவ்வளவு பெரிய தொண்டையா என்று வியப்பார்கள். அதன் பங்காளிகள்தாம் தாழைக்கோழியும், நீலத் தாழைக்கோழியும், நாமக்கோழியும். நாமக்கோழியின் உடல் முழுதும் கறுப்பு. நெற்றியில் மட்டும் பளிச்சென்று வெள்ளை நாமம். அது வடகலையா தென்கலையா என்ற வியாஜ்யம் நல்ல வேளையாக இன்னும் எந்த ஹைகோர்ட்டுக்கும் போகவில்லை. இவை எல்லாம் சாரஸப் பறவையின் வழியில் வந்த உறவினர்கள். கோழி என்பது நாம் சூட்டிய பெயரே ஒழிய, குலப் பெயர் அன்று.

அப்படியானால் உண்மையான கோழிக் குலம் எது? வீட்டுக் கோழி, காட்டுக்கோழி, காடை, கௌதாரி, இவற்றோடு மயில்! ஆம், மயிலேதான். இங்கிலீஷ்காரர்கள் 'பெஸண்ட்' என்று ஒரு பறவையைச் சொல்லுவார்களே, அதுவும் இந்தக் குலமே. காக்கஸஸ் மலைப் பக்கத்தில் ஜார்ஜியா தேசத்தில் ஓடும் ஃபாஸிஸ் என்னும் நதியின் பெயரால் பழைய கிரேக்கர்கள் அதற்குப் பெயரிட்டார்கள். தென்னாட்டுச் சமவெளியில் அந்த வம்சத்தின் பெரிய தனக்காரர் மயில்தான். ஆக, நமது நேயர் கோழியல்லாத பறவையைக் கோழி என்று எண்ணிக் குழம்பு வைக்க விரும்புகிறார். நிஜக் கோழியையோ செந்திலாண்டவனுடைய வாகனம் என்று கும்பிட்டுவிட்டுக் கடலையைப் பறிகொடுக்கிறார். இதில் பரிகாசத்துக்கு இடமில்லை. மயிலைப் பற்றிப் பின்னால் வருவோம்.

இரண்டாவது நூல், பாட்டனாரின் துப்பாக்கி. அது எந்த வழியாகக் குளத்தங்கரைக்கு வந்தது என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும்.

சீமையில் பெஸண்ட் வேட்டை என்பது பிரபுக்களின் உற்சவம். பறவையைக் குஞ்சு பொரிக்க வைத்து, தீனி போட்டு வளர்த்து, பருவம் வந்ததும் காட்டில் விட்டு, ஆட்களை வைத்து விரட்டி, அது எழும்பிப் பறக்கும்போது சுடுவார்கள். இன்றைக்கும் வருஷந்தோறும் அந்த நாட்டில் கோடிக் கணக்கில் இப்படி வளர்த்து விடுகிறார்கள். 1913ஆம் வருஷம் டிஸம்பர் 18-ந் தேதி பக்கிங்ஹாம்ஷயரில் ஹால் பார்ன் என்னும் மாளிகைத் தோட்டத்தில், நம்முடைய சக்கரவர்த்தியாகவும் அப்போது விளங்கிய ஐந்தாம் ஜார்ஜ் மன்னரும் அவருடைய நண்பர்களும் ஒரே நாளில் 3,937 பெஸண்டுகளைச் சுட்டு வீழ்த்தினார்கள். அரசர் பங்குக்கு மட்டும் ஆயிரத்துக்கு மேல். அமெரிக்காவுக்கு இதே பறவையைச் சீனாவிலிருந்து கப்பலேற்றிக் கொண்டுபோய் 1880-களில் குடியேற்றினார்கள். அங்கே பனிக் காலத்தில் வயல்கள் வெறிச்சோடிப் போனதும் அது சம்பங்கோரை அடர்ந்த சதுப்பு நிலத்தில் பதுங்கிக்கொள்ளும். முழங்கால் சேற்றில் நாயும் மனிதனுமாக இறங்கி அதை எழுப்பிச் சுடுவது அந்நாட்டாருக்குப் பெரிய விநோதம்.

இந்தப் பழக்கத்தோடு நமது தேசத்துக்கு வந்த துரைமார்கள், சமவெளியில் பெஸண்ட் அகப்படாமல் திகைத்துப் போய்விடவில்லை. நன்செய் வயலும் ஏரிக் கோரையும் அவர்களுக்கு உள்ளானைக் கொடுத்தன. உள்ளான் சேற்று நிறம் கொண்ட சிறு பறவை. காலடியில் மிதிபடும் வரையில் அசையாமல் கிடந்து, சடாரென்று எழும்பிக் கோணல் மாணலாகப் பறந்து தப்பித்துவிடும். அதைச் சுடுவதற்கு அசாத்தியக் குறி வேண்டும். இங்கிலீஷில் அதன் பெயர் 'ஸ்னைப்'. அதைச் சுட்டுத் தள்ளுகிறவன் 'ஸ்னைப்பர்'. 1770-களில் இந்தியாவிலிருந்த வெள்ளைச் சிப்பாய் உத்தியோகஸ்தர்கள் சீமைக்கு எழுதிய கடிதங்களில் கிளம்பிய வார்த்தை அது. பிற்பாடு யுத்த களத்தில் மறைந்திருந்து மனிதனைச் சுடுகிறவனுக்கும் அதுவே பெயராயிற்று. நம் வயல் வரப்பில் பிறந்த சொல் எங்கே போய்ச் சேர்ந்தது, பாருங்கள்!

வடக்கே பரத்பூர் சமஸ்தானத்தில் நடந்தது இதைவிடப் பெரிய காரியம். மகாராஜா தாழ்ந்த பூமியில் தண்ணீரைத் தேக்கி, வாத்து வேட்டைக்கென்றே ஒரு சதுப்பு நிலத்தைச் சிருஷ்டி செய்து வைத்திருந்தார். விருந்தாளிகளாக வந்த வைஸ்ராய்களும் ராஜாக்களும் இன்ன தேதியில் இத்தனை பறவை என்று அங்கே கல்வெட்டே வெட்டி வைத்திருக்கிறார்கள். ராஜராஜ சோழன் கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடு விட்ட கணக்கைக் கல்லில் பொறித்தான்; இவர்கள் வாத்தைக் கொன்ற கணக்கைப் பொறித்தார்கள். 1938 நவம்பர் 12-ந் தேதிக்கு நேரே 4,273 என்ற எண் இருக்கிறது. அன்றைய பிரதம விருந்தாளி லார்டு லின்லித்கோ. மறு வருஷம் செப்டம்பரில் நம் தலைவர்களை ஒரு வார்த்தை கேளாமல் இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்ட அதே லின்லித்கோதான்.

வேட்டைக்குச் சட்டம் போட்டவர்களும் இவர்களே. சென்னை ராஜதானியில் 1879-ல் நீலகிரி வேட்டைப் பிராணிகள் சட்டமும், அகில இந்தியாவுக்குமாக 1887-லும் 1912-லும் பறவைப் பாதுகாப்புச் சட்டங்களும் பிறந்தன. அவற்றின் சாரம் பறவை பிழைக்க வேண்டும் என்பதைவிட, அடுத்த பருவத்துக்கும் சுடுவதற்குப் பறவை மிஞ்ச வேண்டும் என்பதே. இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை சுடாதே, மற்ற மாதங்களில் சுடு, லைஸென்ஸ் வாங்கிக்கொள். இந்த ஏற்பாட்டில் துப்பாக்கியுள்ளவன் 'ஸ்போர்ட்ஸ்மன்', கண்ணியுள்ளவன் திருடன். நேயரின் பாட்டனாரைப் பெரிய மனிதர் என்று ஊரார் சொன்னதற்கு அவருடைய குணம் ஒரு காரணமாயிருக்கலாம். துப்பாக்கியும் ஒரு காரணம் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. துரை செய்வதைச் செய்கிறவர் துரையில் பாதி அல்லவா?

எனவே 'பாட்டனார் சுட்டார்' என்பது வாதமாகாது. ஆனால், 'துப்பாக்கிக்காரனுக்கு மரியாதை, கண்ணிக்காரனுக்குத் தண்டனை' என்று நேயர் மனம் கொதிக்கிறாரே, அதில் நியாயம் இருக்கிறது. அதை நாம் தள்ளிவிடவில்லை.

நமது நாட்டுக் குடியானவர்களுக்கு இந்த விஷயத்தில் வேறு ஒரு வழி தெரிந்திருந்தது. செங்கற்பட்டு ஜில்லாவில் வேடந்தாங்கல் என்ற ஊர். வேடர்கள் தங்கிய இடம் என்று பெயரே சொல்லுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைச் சிப்பாய்கள் அந்த ஏரிக்குப் போய்ப் பறவைகளைச் சுடத் தொடங்கியபோது, ஊரார் நேரே கலெக்டர் லயனல் பிளேஸ் துரையிடம் சென்று முறையிட்டார்கள். அங்கே யாரும் பறவையைச் சுடலாகாது என்று அவரிடமிருந்து 1798-ல் கௌலும் வாங்கினார்கள். 1858-ல் அதைப் புதுப்பித்துக்கொண்டார்கள். 1936-ல் சர்க்கார் அந்த ஏரியைச் சரணாலயமாக ஒப்புக்கொண்டது. அதாவது சர்க்காருக்குப் புத்தி வருவதற்கு 138 வருஷம் முன்னாலேயே ஜனங்களுக்கு அந்தப் புத்தி இருந்தது. வெறும் ஜீவகாருண்யம் மட்டும் இதற்குக் காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். பறவைகளின் எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்கு வேறு எருவே வேண்டாம் என்பதை அந்தக் குடியானவர்கள் கண்டிருந்தார்கள். பறவைக்கு மரம், வயலுக்கு உரம் என்ற உடன்படிக்கை அது.

அவ்வளவு தூரம் போவானேன்? திசையன்விளையிலிருந்து வடமேற்கே, பறவை பறக்கும் வழியில் பன்னிரண்டு பதின்மூன்று மைலுக்குள், நாங்குநேரித் தாலூகாவில் கூந்தன்குளம் இருக்கிறது. தேரி மணலும் பனங்காடுமாய்க் கண்ணுக்கெட்டிய மட்டும் சிவந்து கிடக்கும் திசையன்விளைச் சீமையிலிருந்து போகிறவர்களுக்கு, அந்தக் குளம் முதலில் கானலோ என்று தோன்றும். வடகிழக்கு மழையும் மணிமுத்தாற்றுக் கால்வாய்த் தண்ணீரும் சேர்ந்து குளம் நிரம்பினால் மார்கழி, தை மாதங்களில் பறவைகள் வந்து இறங்கும். மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், பூநாரை என்று ஜாபிதா நீளும். இமயமலைக்கு அப்பாலிருந்து, மனிதன் மூச்சுவிடத் திணறுகிற உயரத்தில் பறந்து, வரித்தலை வாத்து வருகிறது. சத்திமுத்தப் புலவர் தம் மனைவிக்குச் செய்தி சொல்லும்படி ஒரு நாரையைத் தூது விட்ட கதையைக் கேளாத தமிழர் இல்லை. குமரித் துறையாடி வடக்கே திரும்பும் நாரை அது. அந்த வழியில்தான் கூந்தன்குளமும் இருக்கிறது.

குளத்தில் இரை தின்னும் பறவைகள் கூடு கட்டுவது எங்கே தெரியுமா? ஊருக்குள்ளே. வீட்டுப் புழக்கடை வேம்பிலும், தெருமுனைப் புளியிலும், கோயில் மரத்திலும். நாரையின் எச்சம் கூரையில் விழுகிறது, முற்றத்தில் விழுகிறது, உலர்த்திய துணியிலும் விழுகிறது. வாடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பட்டணத்து மனிதர் ஒரு நாள் தாங்கமாட்டார். அந்த ஊர்ப் பெண்மக்கள் வருஷா வருஷம் தாங்குகிறார்கள். தீபாவளிக்கு அங்கே பட்டாசு கிடையாது. கூட்டிலிருக்கும் பறவை மிரளும் என்பதற்காக. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சை எடுத்து, மீன் கொடுத்து வளர்த்துப் பறக்க விடுகிறார்கள். எச்சம் படிந்த வண்டலை வயலுக்கு அள்ளிக்கொள்கிறார்கள். வேடந்தாங்கல் உடன்படிக்கைதான்; இங்கே கலெக்டர் கையெழுத்து இல்லாமலே நடந்தது. சர்க்கார் 1994-ல் அதைச் சரணாலயமாக அறிவித்தது. 2021-ல் ராம்ஸார் உடன்படிக்கையின்படி உலகப் பிரசித்தி பெற்ற நீர்நிலைகளின் பட்டியலிலும் கூந்தன்குளம் சேர்ந்தது. அம்பாசமுத்திரம் பக்கத்தில், தாமிரபர்ணிக் கரையில் திருப்புடைமருதூர் கோயிலை ஒட்டிய மருத மரங்களில் அடையும் பறவைகளுக்காக, 2005-ல் அந்தச் சிறு இடமும் காப்பிடமாயிற்று. திருநெல்வேலிச் சீமைக்கு இது ஒன்றும் புதிய தர்மம் அல்ல.

இனிச் சட்டத்துக்கு வருவோம். சுதந்திர இந்தியாவின் பார்லிமெண்டு 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. அதிலும் முதலில் சில்லறை வேட்டைக்கு லைஸென்ஸ் கொடுக்க இடம் வைத்திருந்தார்கள். 1991ஆம் வருஷத்துத் திருத்தத்தில் அந்தச் சந்தும் அடைபட்டது. அன்று முதல் துப்பாக்கிக்கும் கண்ணிக்கும் பேதமில்லை. சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்கு அர்த்தம் விரிவானது: சுடுவது மட்டுமன்று, வலை வீசுவது, கண்ணி வைப்பது, இரை காட்டிப் பிடிப்பது, முட்டையை எடுப்பது, கூட்டைக் கலைப்பது எல்லாம் வேட்டைதான். கானாங்கோழிக்கு மூன்று வருஷம் வரை சிறைவாசம், அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணையில் வீற்றிருக்கும் மயிலுக்கு மூன்று வருஷத்துக்குக் குறையாத சிறை, ஏழு வருஷம் வரை போகலாம். இன்றைக்கு நேயரின் பாட்டனார் உயிரோடு வந்து துப்பாக்கியைத் தூக்கினால், அவரும் அந்த வாலிபனுக்குப் பக்கத்தில் அதே கூண்டில்தான் நிற்க வேண்டும். பேதம் ஒழிந்தது வரையில் சட்டத்துக்கு நமது வந்தனம்.

ஆயினும் 'கானாங்கோழி அருகிவிட்டது, ஆகையால் தொடாதே' என்று நாம் பொய் சொல்லமாட்டோம். அது அருகிவிடவில்லை. தண்ணீரும் புதரும் உள்ள இடமெல்லாம் இருக்கிறது. பின் ஏன் தடை என்று நேயர் கேட்பார். கேட்க வேண்டியதுதான்.

அந்தக் காலத்து வேட்டைக்கு மனிதனுடைய காலே எல்லையாயிருந்தது. நடந்து போன தூரம் வரையில்தான் பிடிக்கலாம். பிடித்ததை அன்றே தின்ன வேண்டும். பழக்கிய பறவை ஒன்றைக் கூண்டில் வைத்துக் கூவ விட்டு, அதன் குரலுக்கு வரும் இனத்தைப் பிடிப்பார்கள். அதற்குப் 'பார்வை' வைப்பது என்று பெயர். ஒரு பார்வைக் கௌதாரியைப் பழக்க மாதக் கணக்காகும். இப்போது அந்தத் தொல்லை இல்லை. சட்டைப் பையில் கிடக்கும் டெலிபோனே கௌதாரியாகவும் காடையாகவும் கானாங்கோழியாகவும் கூவுகிறது. தலையில் கட்டிய மின்சார விளக்கு பறவையின் கண்ணைக் கூசச் செய்து நிறுத்தி வைக்கிறது. நைலான் வலை கண்ணுக்குத் தெரிவதில்லை. மோட்டார் சைக்கிள் ஒரே இரவில் நாலு குளத்துக்குக் கொண்டுபோகிறது. சில இடங்களில் பூச்சி மருந்தைத் தானியத்தில் கலந்து தூவிவிட்டு, மயங்கி விழுந்ததை அள்ளுகிற மகா பாதகமும் நடக்கிறது. அந்த விஷம் குழம்புச் சட்டியில் வெந்தபின் எங்கே போகிறது என்று தின்கிறவர்கள்தாம் யோசிக்க வேண்டும்.

அதோடு, வலைக்குக் கண் உண்டே தவிரப் பார்வை கிடையாது. கானாங்கோழிக்கு விரித்த வலையில், பல்லாயிரம் மைல் பறந்து வந்த கிளுவையும் உள்ளானும் விழுகின்றன. மாசி, பங்குனியில் குளம் வற்றி நடுவில் ஒரு குட்டை மாத்திரம் மிஞ்சும்போது, சுற்று வட்டாரத்துப் பறவையெல்லாம் அங்கே நெருக்கி அடித்துக்கொண்டு நிற்கும். அப்போது ஒரே இரவில் இரண்டு பேர் ஒரு குளத்தைத் துடைத்துவிடலாம். வீட்டுக் கோழி தின்னத் தின்னப் பெருகுகிறது. ஏனென்றால் தின்கிறவனே அதை வளர்க்கிறான். குளத்துக் கோழியை யாரும் வளர்க்கவில்லை. நேயரின் 'எந்த ஊர் நியாயம்' என்ற கேள்விக்கு இதுதான் நமது விடை.

ஆனால் இந்த நாலு கோழியை வாங்குவதற்காகச் சாலையில் வண்டியை நிறுத்தியவர் யார்? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கூலிக்காரன் தன் வயிற்றுக்கு ஒரு கோழி பிடித்தால் அது ஒரு வேளைப் பசி. நாலு கோழியைக் கட்டித் தொங்கவிட்டுச் சாலையில் நிற்கிறான் என்றால், வாங்க ஆள் வருவது அவனுக்கு நிச்சயமாகத் தெரிந்திருக்கிறது. வருகிறவர் கால்நடையாக வருகிறவரல்லர். மோட்டார் வண்டியில், குளிர்ந்த காற்றுக்காகக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வருகிறவர். "அண்ணாச்சி, ஜோடி என்ன விலை?" என்று கண்ணாடியைப் பாதி இறக்கிக் கேட்கிறவர். மூல வியாதிக்கு நல்லது, மூட்டு வலிக்கு நல்லது, குழந்தைக்குச் சளி போகும் என்று வைத்திய சாஸ்திரம் பேசுகிறவரும் அவரே. எந்த ஆஸ்பத்திரியிலும் கானாங்கோழிக் குழம்பை மருந்துச் சீட்டில் எழுதித் தர நாம் கண்டதில்லை. வீட்டில் அந்த அம்மாள் அதைச் சமைத்து, பிள்ளைகளுக்குப் பரிமாறி, பள்ளிக்கூடத்துக் கட்டுரைக்குப் 'பறவைகளைப் பாதுகாப்போம்' என்று எழுதவும் சொல்லிக் கொடுத்திருப்பார்.

சட்டப்படி வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றமே. ஆயினும் கோர்ட்டுப் படி ஏறுகிறவன் எப்போதும் விற்றவனாயிருக்கிறான். துரைமார் காலத்தில் துப்பாக்கிக்காரனுக்கும் கண்ணிக்காரனுக்கும் இருந்த பேதம் போய், இப்போது கார்க்காரனுக்கும் கண்ணிக்காரனுக்கும் பேதம் வந்திருக்கிறது. நேயரின் கோபத்தில் நாம் சேர்ந்துகொள்ளும் இடம் இது. நாலு பறவை பிடித்தவனைக் கேட்கட்டும். கூடவே வண்டியின் நம்பரையும் குறித்துக்கொள்ளட்டும்.

பரம்பரையாகப் பறவை பிடித்தே பிழைத்தவர்களின் கதியையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். நரிக்குறவர் என்றும் குருவிக்காரர் என்றும் நாம் அழைக்கும் சமூகத்தார், ஊர் ஊராகப் போய்க் காடையும் கௌதாரியும் கொக்கும் பிடித்து விற்றவர்கள். 1972-ல் ஒரு கையெழுத்தில் அவர்களுடைய தொழில் குற்றமாயிற்று. வேறு தொழில் யார் கொடுத்தார்கள்? பாசிமணியும் ஊசியும் மிஞ்சின. அவர்களைப் பழங்குடிகள் பட்டியலில் சேர்க்கும் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது 2022 டிஸம்பரில். நடுவே ஐம்பது வருஷம். பறவைக்கு இரங்கிய தேசம் பறவைக்காரனுக்கு இரங்க அரை நூற்றாண்டு ஆயிற்று.

உத்தரவினால் மட்டும் எல்லாம் நடந்துவிடும் என்று எண்ணுகிறவர்களுக்கு மறுபடியும் பரத்பூரைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. மகாராஜாவின் வேட்டைக்களம் சுதந்திரத்துக்குப் பிறகு சரணாலயமாகித் தேசியப் பூங்காவும் ஆயிற்று. நல்ல காரியம். 1982 நவம்பரில், காலங்காலமாக அங்கே மேய்ந்த எருமைகளை இனி உள்ளே விடுவதில்லை என்று தடை போட்டார்கள். கிராமத்தார் கிளர்ந்தார்கள், போலீஸார் சுட்டார்கள், சில உயிர்கள் போயின. வாத்து சுட்ட இடத்தில் மனிதனைச் சுட்டாயிற்று. பிறகு நடந்தது இன்னும் விசித்திரம். எருமை மேயாமல் புல் மண்டித் தண்ணீர்ப் பரப்பை மூடிவிட, பறவைக்கே இடமில்லாமல் போயிற்று. எருமையும் அந்தச் சதுப்பு நிலத்தின் உத்தியோகஸ்தர்களில் ஒன்று என்பதைப் பம்பாய் இயற்கைச் சரித்திர சங்கத்தார் ஆராய்ந்து சொன்னார்கள். கூந்தன்குளத்தில் ஊராரைக் கேளாமல் இப்படி ஓர் உத்தரவு வந்திருந்தால், புழக்கடை வேம்பில் எத்தனை கூடு மிஞ்சியிருக்கும்?

மயில் விஷயம் பாக்கி. இதில் நேயருக்கு நாம் முழு ஆறுதல் சொல்ல முடியாது. 1963 முதல் மயில் தேசியப் பறவை. நரி குறைந்தது, தரையில் இடும் முட்டை தப்பிப் பிழைக்கிறது. சீமைக் கருவேல முட்காடு எங்கும் பரவிற்று; பகலில் ஒளிய இடம் கிடைக்கிறது. குளத்துக்குள்ளேயே அந்த முள் மண்டித் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தையும் பிடித்துக்கொண்டது. நீர்க்கோழிக்கு இடம் குறையவும் மயிலுக்கு இடம் பெருகவும் ஒரே முள் காரணமாயிருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். கடலைக்காரர் மயிலைக் கொல்லக் கூடாது. விஷம் வைக்கவே கூடாது. அதே சமயம், தேசியப் பறவைக்குத் தீனி போடும் செலவைத் தேசம் முழுதும் ஏற்காமல், திசையன்விளைக் கடலைத் தோட்டத்துக்காரர் தலையில் மட்டும் ஏற்றுவது தர்மமாகாது. நஷ்டத்தைக் கணக்கிட்டுத் தாமதமின்றி ஈடு தரட்டும். குளத்து முள்ளை வேரோடு வெட்டட்டும். இவ்விரண்டையும் கேட்டு நேயர் தம் ஊராரிடம் கையெழுத்து வாங்கி மனுப் போட்டால், நாம் அதை இந்தப் பத்தியில் பிரசுரிக்கத் தயார்.

துப்பாக்கியை விட்டுப் பறவையைப் பார்க்கக் கற்றுக்கொண்டவர்கள் நம்மிடையே உண்டு. ஸாலிம் அலி சிறு வயதில் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் கழுத்திலிருந்த மஞ்சள் திட்டைக் கண்டு, இது என்ன குருவி என்று கேட்கப் போனவர். அந்தக் கேள்வியே அவரைப் பட்சி சாஸ்திர நிபுணராக்கியது. திருநெல்வேலியிலேயே 1912-ல் பிறந்தவர் மா. கிருஷ்ணன், 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர். காமிராவும் நோட்டுப் புத்தகமுமாகக் காட்டிலும் ஏரிக்கரையிலும் அலைந்தார். 1950-ல் கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் ஆரம்பித்த பத்தியை 46 வருஷம் விடாமல் எழுதினார். 1996-ல் அவர் காலமான அன்றும் அந்தப் பத்தி வெளியாகியிருந்தது. பத்தி எழுதுகிறவர்களாகிய நமக்கு இதைவிடப் பொறாமைப்படத்தக்க சாவு வேறு தெரியவில்லை.

கடைசியாக அந்த வாலிபன். வழக்கு அதன் போக்கில் போகட்டும். முதல் குற்றம் என்பதையும் அவன் நிலைமையையும் நியாயாதிபதி கவனிப்பார் என்று நம்புகிறோம். நேயர் அவனுக்கு ஒரு வக்கீல் வைத்துக் கொடுத்தால் பாட்டனாரின் துப்பாக்கிக்கும் ஒருவிதப் பிராயச்சித்தமாகும். இன்னொரு யோசனையும் உண்டு. 2011 முதல் வருஷந்தோறும் ஜனவரி மாதத்தில் தாமிரபர்ணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. கல்லூரி மாணவர்களும் உத்தியோகஸ்தர்களும் டாக்டர்களும் விடியற்காலையில் தூரதிருஷ்டிக் கண்ணாடியோடு கரையில் நின்று எண்ணுகிறார்கள். கோரைக்குள் பதுங்கியிருப்பது தாழைக்கோழியா கானாங்கோழியா என்று குரலைக் கொண்டு சொல்லவும், எந்தப் புதரில் எத்தனை ஜோடி என்று காட்டவும் அவர்களுக்கு ஆள் வேண்டும். கண்ணி வைக்கத் தெரிந்தவனுக்கு அது நன்றாகத் தெரியும். அடுத்த ஜனவரிக்கு அவனை அழைத்துக்கொண்டு போய் அறிமுகம் செய்து வைக்கும்படி நேயரைக் கேட்டுக்கொள்கிறோம். அன்றைய கூலியை மட்டும் மறந்துவிட வேண்டாம்.